ஒற்றைக் கட்டில் அளவு

நவம்பர் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் பார்சல் நேற்று வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்படியும் எங்காவது காரம் தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சதுரம் என்றால் நான்கு பக்கமும் ஒரே அளவு. இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. நீங்கள் பின்னி அனுப்பியவற்றில் ஒன்று கைக்குட்டை மாதிரி இருக்கிறது, இன்னொன்று தலையணை உறை மாதிரி. சாம்பல் நிறத்தில் ஒன்றை எப்படித் திருப்பினாலும் மூன்று மூலைதான் தெரிகிறது. நாலாவது எங்கே போனதென்று நானும் வீட்டுக்காரரும் தேடிக்கொண்டிருக்கிறோம். பழுப்பில் நடுவே ஒரு கண்ணி விட்டுப்போய் ஏணி மாதிரி அடிவரை இறங்கியிருக்கிறது. அதைப் பார்க்காமலா பார்சலைக் கட்டினீர்கள்?

கோடையில் உங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நாம் பேசியதை நம்பித்தானே நான் இதில் இறங்கினேன். உங்கள் பையனும் என் பெண்ணும் புது ஃப்ளாட்டுக்குப் போகிறார்கள், நாம் இருவரும் சேர்ந்து அவர்களுக்கு ஒரு கம்பளிப் போர்வை செய்துகொடுப்போம், நீங்கள் சதுரம் சதுரமாகப் பின்னுங்கள், நான் இணைத்து அடியில் துணி கொடுத்துத் தைக்கிறேன் என்று முடிவு செய்தோம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மெஷின்தான். வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் மற்றவர்கள் மூக்குக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தால்தான் தோள் இறங்கும். இப்போது அதன் முன்னால் போனாலே தோள் காதுவரை ஏறுகிறது.

ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் “சரி சரி, பாத்துக்கலாம்” என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள். எழுத்தில் இருந்தால் தப்பிக்க முடியாது. சேராத சதுரங்களில் ரொம்ப மோசமானவற்றை மட்டும் திருப்பி அனுப்புகிறேன், மற்றவை என்னிடமே இருக்கட்டும். ஓர் அட்டையும் வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். பின்னி முடித்ததும் அதன் மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அனுப்புங்கள்.

அங்கே குளிர் எப்படி? தொண்டைக்கு வெந்நீர் குடிக்கிறீர்களா?

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி (பெண்ணைப் பெற்றவள்)


நவம்பர் 14

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் அட்டை கிடைத்தது. அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன், பயமாக இருப்பதற்காக.

நீங்கள் மில்லிமீட்டர் பார்க்கிற கைக்காரி. என் கை காப்பகத்தில் பிள்ளைகளுக்கு மூக்கு துடைக்கிற கை. இரண்டும் ஒரே போர்வையில் சேர வேண்டுமென்றால் கொஞ்சம் தகராறு வரத்தான் செய்யும். ஆனாலும் மூன்று மூலை என்று எழுதியது அநியாயம். நாலாவது மூலை இருக்கிறது, உள்பக்கம் சுருண்டுகொண்டிருக்கிறது. நீவிவிட்டால் வெளியே வரும்.

தப்பு பின்னலில் இல்லை, நூலில். கடை நூல் வாங்கிப் பின்னியிருந்தால் எல்லாம் ஒரே மாதிரி வந்திருக்கும். எனக்குத்தான் ஆசை, பிள்ளைகளுக்கு என் கையாலேயே நூற்றுக் கொடுக்க வேண்டுமென்று. இந்தத் தக்ளியோடு நான் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது. விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டால் அழகாகச் சுற்றுகிறது. “ஆகா” என்று நினைக்கிற நேரத்தில் நூல் அறுந்து, தக்ளி தரையில் உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விடுகிறது. படுத்துக் கையை நீட்டி எடுக்கிறேன். மறுபடி சுண்டுகிறேன். மறுபடி அலமாரி. ஓரிடத்தில் நூல் கயிறு மாதிரி வருகிறது, ஓரிடத்தில் முடி மாதிரி. எரிச்சலில் ஒரு தடவை தக்ளியை ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போய்ப் பொறுக்கி வந்தேன்.

ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்று கேட்பீர்கள். மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் தூங்கிய பிறகு, காப்பகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து நூற்கிறபோது, ஒரு சாண் நூலாவது ஒழுங்காக வந்துவிட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுது போதும். அவ்வளவுதான் காரணம்.

ஒரு விஷயம். பையனிடம் ஓரத்துக்கு என்ன நிறம் வைக்கலாம் என்று ஃபோனில் கேட்டேன். “எந்த நிறமா இருந்தா என்னம்மா” என்றான். லிஃப்டுக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்க்கிறவன், களைப்பாக இருந்திருப்பான். உங்கள் பெண்ணைக் கேட்டுப் பாருங்களேன். அவளுக்கு இதிலெல்லாம் ருசி உண்டு.

வெந்நீர் குடிக்கிறேன். நீங்கள் சொன்னதற்காக.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி (பிள்ளையைப் பெற்றவள்)


நவம்பர் 29

சம்பந்தி அம்மாவுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஃபோனில் சொல்ல என் குரல் நிற்காது.

நிறம் கேட்க வேண்டும், கட்டிலையும் அளந்துவிடலாம் என்று வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் குழந்தைகளின் ஃப்ளாட்டுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். பெண் கதவைத் திறந்தாள். “என்னம்மா திடீர்னு?” என்றாள். ஹாலில் சோபாவின் ஒரு முனையில் மடித்து வைத்த விரிப்பு, அதன் மேல் தலையணை. யாரோ விருந்தாளி வந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் அவ்வளவு மக்கு.

படுக்கையறைக்குள் போய் டேப்பை எடுத்துக் கட்டிலின் அகலத்தை அளந்தேன். அவள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள், “அம்மா, டேப்ப மடிச்சு வை. ஒத்தக் கட்டில் அளவுக்குத் தைச்சா போதும்.”

“எதுக்குடி? விருந்தாளிங்க ரூமுக்கா?”

“எனக்கு.”

நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்த வாக்கிலேயே நின்றேன். “சண்டையா?” என்றேன்.

“சண்டை போட்டிருந்தா பரவாயில்லையேம்மா. நாங்க சண்டைகூடப் போடல. அவர் வர்றாரு, குளிக்கிறாரு, டிவி போடுறாரு. நான் மருந்துக் கடைலேருந்து வர்றேன், படுக்கிறேன். ‘சாவி எங்க’ன்னு கேக்குறதத் தவிர பேச ஒண்ணுமில்ல. போன வாரம் அவர் வொர்க்‌ஷாப் மாடில ரூம் எடுத்துட்டாரு. நல்லதுதான்.”

“எங்ககிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா போர்வை பின்னிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?”

சம்பந்தி அம்மா, உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் நிறத்தைப் பற்றி என்னிடம் எழுதினீர்களா? தெரியாது என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


டிசம்பர் 4

அன்புள்ள சம்பந்திக்கு,

சத்தியமாகத் தெரியாது.

உங்கள் கடிதம் கிடைத்ததும் அவனைக் கூப்பிட்டேன். “ஒண்ணுமில்லம்மா, வேல ஜாஸ்தி, அங்கேயே படுத்துக்கிறேன்” என்றான். “பொய் சொல்லாதடா” என்றேன். “ஆமாம்மா” என்றான். எதற்கு ஆமாம் என்று சொல்லவில்லை. வைத்துவிட்டான். அவன் சின்ன வயதிலும் இப்படித்தான். எங்கே வலிக்கிறது என்றால் “ஆமாம்” என்பான். எங்கே என்று சொல்லமாட்டான். நான்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது எங்கே தொட்டுப் பார்ப்பது?

எனக்கு ஆத்திரமாக வருகிறது. பேச ஒன்றும் இல்லையாமே! நானும் அவன் அப்பாவும் என்ன தினமும் மேடை போட்டா பேசினோம்? ஒரு கரண்ட் பில்லை வைத்தே அரை நாள் பேசுவோம்.

என் யோசனையைக் கேளுங்கள். ஒற்றைக் கட்டில் அளவுக்கு வேண்டாம். பெரிதாகவே தைப்போம். நான் கடை நூல் வாங்கிவிட்டேன். தக்ளியைத் தூக்கி அலமாரிக்கு மேல் போட்டாயிற்று. உங்கள் அட்டைக்கு ஒரு நூலும் கூடாமல் குறையாமல் பின்னி அனுப்புகிறேன். முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் ஃப்ளாட்டுக்கு வரவழைப்போம். ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்துப் பார்க்கச் சொல்வோம். எதிரெதிரே நின்றாலாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள் இல்லையா? சிரிக்காதீர்கள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


டிசம்பர் 27

சம்பந்தி அம்மாவுக்கு,

சிரிக்கவில்லை. எனக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை.

உங்கள் சதுரங்கள் எல்லாம் வந்துவிட்டன. அட்டைக்குச் சரியாக இருக்கின்றன. உண்மையைச் சொன்னால், பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறது. பழைய கோணல் சதுரங்களில் உங்கள் குரல் கேட்டது. இவை கடையில் வாங்கியவை போல இருக்கின்றன. ஆகையால் பழையதில் நான்கைந்தை நடுவில் வைத்துவிட்டேன். அளவுக்கு வராததை எப்படி வைத்தீர்கள் என்று கேட்காதீர்கள், சுற்றிலும் பட்டை கொடுத்துச் சமாளித்தேன்.

மெஷின் என் உயிரை எடுக்கிறது. பின்னல் துணி அதன் பாதத்துக்கு அடியில் போனதும் இழுபட்டு இழுபட்டு, கடைசியில் ஒரு பக்கம் நீண்டு நிற்கிறது. பாபினில் நூல் சிக்கிக்கொள்கிறது. பிரித்துத் தைத்தேன், பிரித்துத் தைத்தேன். கடைசியில் மெஷினை மூடிவைத்துவிட்டுக் கையாலேயே தைக்கிறேன். கடையில் மதிய இடைவேளைக்குக்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். கண்ணாடி வாங்க வந்த ஒரு பெரியவர், “போர்வையும் விக்கிறீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. நாற்பது வருஷம் கிரேன் ஓட்டியவர், எதையும் தூக்கினால் மெதுவாகத்தான் இறக்குவார். “அதுங்க விஷயத்துல நீங்க ரெண்டு பேரும் எதுக்கு ஊசி குத்துறீங்க? விடுங்களேன்” என்றார். “அப்ப நீங்க பேசுங்க” என்றேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு. பெண்ணிடம் அளவு சரிபார்க்க வருகிறேன் என்று சொல்கிறேன். பையனிடம் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நீங்கள் சொல்லுங்கள். கருவிப் பையோடு வருவான். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 16

சம்பந்தி அம்மாவுக்கு,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை மனதுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனாவை எடுத்துவிட்டேன், ஆகவே கேளுங்கள்.

நீங்கள் ஏன் அழுதீர்கள்? அழக் கூடாது என்று பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து படித்துப் படித்துச் சொன்னேனா இல்லையா? உங்கள் பையன் கருவிப் பையோடு நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, “ஒழுகலையேம்மா” என்று வந்து நின்றான். அந்த நிமிஷம் நான் போர்வையை எடுத்திருக்கலாம். எடுக்கவும் செய்தேன். ஒரு முனையை என் பெண் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையை அவனிடம் நீட்டுவதற்குள் நீங்கள் தேம்ப ஆரம்பித்துவிட்டீர்கள்.

அப்புறம் என்ன. “ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க, இல்ல?” என்று இவள் கத்தினாள். அவன் அதைக்கூடச் செய்யவில்லை. போர்வையை அவள் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, என் பைக்குள் வைத்து, “ரொம்ப நல்லா வந்திருக்கு அத்தை. நீங்களே எடுத்துட்டுப் போங்க” என்றான். கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்த மரியாதைக்கு நான் என்ன பதில் சொல்வது? உங்கள் மேல்கோட்டை அவன் பிடிக்க, என் பையை இவள் தூக்க, இருவருமாக நம்மை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். இந்த ஒரு வருஷத்தில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

யோசனை உங்களுடையது. நான் வேண்டாம் என்றிருக்க வேண்டும். பிள்ளையை இப்படி வாயில்லாமல் வளர்த்துவிட்டு, போர்வை பின்னினால் பேசிவிடுவான் என்று நினைத்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


ஜனவரி 22

சம்பந்திக்கு,

நான் அவனை வாயில்லாமல் வளர்த்தேன். நீங்கள் உங்கள் பெண்ணை வாயோடு வளர்த்தீர்கள். அவள் மட்டும் இத்தனை நாள் உங்களிடம் என்ன சொல்லிவிட்டாள்? டேப்பைக் கொண்டுபோய் நீட்டிய பிறகுதானே சொன்னாள்?

அன்றைக்கு நான் அழுதது அவர்களைப் பார்த்து இல்லை. நீங்கள் அந்தப் போர்வையை விரித்தபோது நடுவில் என் கோணல் சதுரங்களைப் பார்த்தேன். எடுத்துப் போட்டிருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். அதனால் அழுதேன். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். இப்போது சொல்ல மனமில்லாமல் சொல்கிறேன்.

அவர்கள் வக்கீலைப் பார்த்துவிட்டார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போனார்களாம். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

போர்வை எனக்கு வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது யாருக்காவது கொடுங்கள்.

பிள்ளையைப் பெற்றவள்


ஏப்ரல் 8

அன்புள்ள சம்பந்திக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு சந்தேகம், கேட்க வேறு ஆள் இல்லை.

கழுத்துவரை ஜிப் வைத்த ஸ்வெட்டர் ஒன்று பின்னினேன். பின்னல் நன்றாகவே வந்திருக்கிறது, நம்புங்கள். ஜிப் வைக்கிறபோதுதான் எல்லாம் கெட்டுப்போகிறது. வைத்துத் தைத்ததும் முன்பக்கம் முழுக்க அலை அலையாக எழும்பி நிற்கிறது. பிரித்து மறுபடி தைத்தால் இடது பக்கம் வலது பக்கத்தைவிட ஒரு விரல் நீளம். நாலு தடவை பிரித்தாயிற்று. இன்னொரு தடவை பிரித்தால் பின்னலே அறுந்துவிடும். காப்பகத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை வந்து, “பாட்டி, யாரு அடிச்சா?” என்று கேட்டது. என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

ஸ்வெட்டர் எனக்குத்தான். காலையில் காப்பகத்தில் கதவு திறந்து திறந்து மூடுகிற இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

மற்றபடி, எல்லாம் முடிந்தது உங்களுக்குத் தெரியும். பையன் இங்கேயே வந்துவிட்டான். இந்த ஊரிலும் லிஃப்டுகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன, வேலைக்குப் பஞ்சமில்லை. முன்பைவிடப் பேசாமல் இருக்கிறான். உங்கள் வீட்டுப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். “அவங்க இனி நமக்கு யாரும்மா?” என்று ஒரு நாள் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து, “யாருக்கு?” என்றான். “வூல் கடைக்காரம்மாவுக்கு, நூல் கேட்டு” என்று சொல்லிவிட்டேன்.

பதில் போடுவதானால் காப்பகத்து முகவரிக்குப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி. வேறு எப்படிப் போடுவதென்று தெரியவில்லை.


ஏப்ரல் 15

சம்பந்தி அம்மாவுக்கு,

முதலில் ஜிப். அதை மூடிய நிலையில் வைத்து, கையால் பெரிய பெரிய ஓட்டத் தையல் போட்டு நிறுத்துங்கள். பின்னலை இழுக்காதீர்கள். நீங்கள் கட்டாயம் இழுத்துத்தான் பிடிப்பீர்கள், எனக்குத் தெரியும். ஸ்வெட்டரை மேஜை மேல் படுக்கப் போட்டு, அது எவ்வளவு நீளம் கிடக்கிறதோ அந்த நீளத்துக்கு ஜிப்பை வையுங்கள். உள்பக்கம் மெல்லிய நாடா கொடுங்கள். இரண்டு பக்கத்தையும் கீழிருந்து மேலாகவே தையுங்கள். ஒரு பக்கம் மேலே போய் மறுபக்கம் கீழே வந்தால் ஒரு விரல் என்ன, ஒரு முழமே கூடும்.

ஜிப் முடிந்தது. இப்போது என் விஷயம்.

நான் வூல் கடைக்காரியா?

ஜனவரியில் நான் எழுதிய கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. அதற்கு நீங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். வக்கீல், கையெழுத்து எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். இந்தப் பொய்யைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை. ஒளிந்து ஒளிந்து எழுத நாம் என்ன தப்பு செய்தோம்? விட்டுப் பிரிந்தது அவர்கள். நாம் பிரியவில்லையே. ஜிப் சந்தேகத்தைக் காப்பகத்து முகவரியில் வாங்கிக்கொள்ள வேண்டிய நிலைமை நமக்கு எதற்கு?

உங்கள் கடிதம் வந்ததும் அதை நான் சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பெண் வந்தாள், பார்த்தாள். “இன்னும் எழுதிக்கிறீங்களா? எழுத உனக்கு வேற ஆளே கிடைக்கலையாம்மா?” என்றாள். “கிடைக்கல” என்றேன். “இந்த வயசுல எங்க போய்த் தேடுறது?” கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். போகட்டும். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போர்வையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்காரர்தான் அதைப் போர்த்திக்கொண்டு டிவி பார்க்கிறார். வேண்டாம் விடுங்கள் என்று சொன்ன மனிதர், இப்போது துவைக்கப் போட்டால் எப்போது காயும் என்று கேட்கிறார்.

நான் சொல்வது இதுதான். பையனிடம் சொல்லுங்கள், யாருக்கு எழுதுகிறீர்கள் என்று. அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், உங்களை எழுதாதே என்றால் எழுதாதீர்கள், நான் வருத்தப்பட்டுக்கொண்டு இருந்துவிடுகிறேன். ஆனால் அதுவரை காப்பகத்து முகவரிக்கு நான் ஒரு வரி போடமாட்டேன். இந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. உறையின் பின்னால் என் முகவரியை முழுசாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மே 2

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் உறையை எடுத்து உள்ளே கொண்டுவந்து கொடுத்ததே அவன்தான். பின்பக்கம் பார்த்துவிட்டான். மேஜை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அன்று முழுக்க எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே! பிள்ளைகளுக்குச் சட்டை மாற்றும்போதெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே மாற்றினேன். இவளுக்கு என்ன, மேஜை மேல் வைப்பாள், கதவு அறையும், காதைப் பொத்திக்கொள்வாள். என் வீட்டில் கதவுகூட அறையாதே, நான் என்ன செய்வது என்று.

நாலைந்து நாள் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சனிக்கிழமை நூல் சிட்டத்தைப் பந்தாகச் சுற்ற வேண்டியிருந்தது. வழக்கமாக நாற்காலி முதுகில் மாட்டிச் சுற்றுவேன். அது வழுக்கி வழுக்கி விழுந்து சிக்கானது. இழுத்தேன், இன்னும் சிக்கானது. “சனியனே” என்று கத்திவிட்டேன், நூலைப் பார்த்துத்தான். அவன் வந்து எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். சிட்டத்தை அவன் கையில் மாட்டினேன். இனி எழுந்து போக முடியாது என்று தெரிந்ததும் சொல்லிவிட்டேன்.

“நான் எழுதுறது வூல் கடைக்கு இல்லடா.”

“தெரியும்மா.”

“எப்பலேருந்து?”

“வூல் கடைக்கு யாராவது நாலு பக்கம் எழுதுவாங்களா?”

நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். “எனக்கு அவங்களோட பேசணும்டா. உங்களைச் சேத்து வைக்க இல்ல. எனக்கு” என்றேன். சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவனிடம் எனக்கு ஒன்று வேண்டும் என்று நான் கேட்டதாக நினைவில்லை.

அவன் கையை ஆட்டாமல் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்து பாதி ஆனது. அப்புறம் சொன்னான், “எழுதும்மா. ஆனா என்னைப் பத்தி எழுதாத. அவளைப் பத்தியும் எங்கிட்ட வந்து சொல்லாத. அது மட்டும் போதும்.”

“சரி” என்றேன்.

ஆகவே அவனைப் பற்றி உங்களுக்கு எழுதுவது இதுதான் கடைசி. உங்கள் பெண்ணைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டாம். நன்றாக இருக்கிறாள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன்.

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, அவர்கள் இல்லாமல் எழுத உட்கார்ந்தால் மூளை நின்றுபோகிறது. முதல் வரியில் அவன் வந்தான், அந்த வரியை அடித்தேன். இரண்டாவது தாளில் உங்கள் பெண் வந்தாள், அதையும் கிழித்தேன். நம் கடிதங்களில் அவர்களை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? தக்ளியும் பாபினும்தான். எனக்கு வந்த எரிச்சலில் பேனாவை வைத்துவிட்டு இரண்டு தெரு நடந்துவிட்டு வந்தேன்.

அதனால் இனி என்னைப் பற்றி எழுதுகிறேன். பழக்கம் இல்லை, தப்பு வந்தால் சொல்லுங்கள். ஸ்வெட்டருக்கு ஜிப் வைத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி மேஜை மேல் படுக்கப் போட்டுத்தான் தைத்தேன். இழுக்கவில்லை. கொஞ்சம்தான் இழுத்தேன். கழுத்துக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் சின்ன அலை நிற்கிறது. அதோடேயே போட்டுக்கொண்டு காப்பகத்துக்குப் போகிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பின்னும்போது பாடுவேன், சத்தமாக, பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டும்வரை. மஞ்சள் நிறம் எனக்கு ஆகவே ஆகாது.

அலமாரிக்கு மேலிருந்து தக்ளியை இறக்கிவிட்டேன். நூல் இன்னும் அறுந்துகொண்டுதான் இருக்கிறது. குளிருக்கு முன்னால் உங்களுக்கு ஒரு சால்வைக்காவது சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். கோணலாகத்தான் வரும், அட்டையெல்லாம் அனுப்பாதீர்கள்.

சாயம் போட வேண்டும். யோசித்துப் பார்த்தேன், இத்தனை நாளில் நான் கேட்டதே இல்லை. உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும்?

வீட்டு முகவரிக்கே எழுதுங்கள்.

அன்புடன்,
நான்